கன்னியம்மாவை யாரும் கேட்கவில்லை

எனக்கு வந்த நோயை எங்கள் பக்கத்தில் 'அடி இறங்கிடுச்சு' என்பார்கள். அதையும் காதோடு காதாகத்தான் சொல்வார்கள். டாக்டரம்மா சொன்ன பெயர் கருப்பை இறக்கம். அடிவயிற்றில் கருப்பையைத் தாங்கிப் பிடித்திருக்கிற நார்களும் தசைகளும் பிரசவத்தில் தளர்ந்துபோனால், கருப்பை தன் இடத்தை விட்டுக் கீழே வருகிறது. முற்றிவிட்டால் பெண்குறியின் வாயைத் தாண்டி வெளியே வந்து நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். யார் விட்ட சாபமும் இல்லை, யாருடைய நடத்தைக் கேடும் இல்லை. இதை எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் வருஷக்கணக்கில் தவித்தேன் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறிவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரியை விட்டு முழுசாக வெளியே வந்துவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தெருவில் நடந்துகொண்டிருப்பேன், பக்கத்துக் கட்டிலிலிருந்து கன்னியம்மா அக்கா கூப்பிடுவதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். யாரோ ஒரு பெண் தண்ணீர்க்குடத்தோடு போய்க்கொண்டிருப்பாள்.

நான் காசிமேட்டுக்காரி. பெயர் தனகோடி, எல்லோருக்கும் தனம். பாதிரிமார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன், அதனால் இதை எழுத முடிகிறது. என் வீட்டுக்காரர் ஏழுமலைக்குத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் வேலை. நான் கரையில் கட்டுமரம் ஒதுங்கும் நேரத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, தலைக்கூடையில் சுமந்து, கல்மண்டபம் தாண்டி வண்ணாரப்பேட்டை வரை தெருத்தெருவாக விற்பேன்.

மூன்றாவது பிள்ளைக்கு வலி எடுத்தபோது தலை இறங்காமல் இரண்டு நாள் கிடந்தேன். மருத்துவச்சி என் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்து, தன் பாரம் முழுவதையும் போட்டுத் தள்ளினாள். பிள்ளை பிழைத்தது. பத்து நாள்கூட ஆகவில்லை, வலையில் வஞ்சிரம் கூட்டமாக விழுந்தது, நான் கூடையைத் தூக்கிவிட்டேன். தலைக்கு ஏற்றிவிட்ட பெண் கையை எடுத்ததும் அடிவயிற்றில் ஏதோ நழுவியது. ஈரமான ஒரு பாரம் தொடைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது போலிருந்தது. அன்றைக்கு மீனை விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

முதல் வருஷம் படுத்தால் உள்ளே போய்விடும், நின்றால் வரும். பிறகு படுத்தாலும் போகவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கோவணம்போலக் கட்டிக்கொண்டு நடந்தேன். சிறுநீர் ஒரு சமயம் அடைத்துக்கொள்ளும், ஒரு சமயம் இருமினால் ஒழுகும். உராய்ந்து உராய்ந்து புண்ணாகி நீர் வடிந்தது. மீன்காரிதானே, நாற்றம் மீனுடையது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் அந்தத் தைரியம் பலிக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்தால் சுருண்டுகொள்வேன். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முறை, கண்ணை மூடிக்கொண்டு, பாரத்தைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு இருந்தேன். வலித்தது. வலியைவிட, அவர் கைக்கு அது தட்டுப்பட்டுவிடுமோ என்ற பயம் பெரிது. அப்புறம் தலைவலி என்றேன், குழந்தை முழித்துக்கொள்ளும் என்றேன், விரதம் என்றேன். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன். அவர் பாயை எடுத்துக்கொண்டு வாசலில் படுக்கப் பழகினார்.

எனக்கு ஆசை இல்லாமல் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இருந்தது. அதுதான் கஷ்டம். அவர் சட்டையைத் துவைக்கும்போது சும்மா கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மாலை அவர் தெருக்குழாயடியில் குளிப்பதைப் பார்த்தேன். அந்த நாட்களில் அவருக்கு நிலக்கரிக் கப்பலிலும் தோல் மூட்டைக் கப்பலிலும் மாறி மாறி வேலை. தேங்காய் நாரால் தோளையும் கையையும் போட்டுத் தேய்க்கிறார், சோப்புப் போடுகிறார், முகர்ந்து பார்க்கிறார், மறுபடி தேய்க்கிறார். கையில் தோல் வழண்டு சிவந்திருந்தது. உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"என் மேல கலீஜா நாத்தம் அடிக்குதா, தனம்? அதனாலதான் கிட்ட வரமாட்டேன்றியா?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.  சொல்லி முடித்ததும், வலிக்குதா என்று மட்டும் கேட்டார். தினமும் என்றேன். "இத்தினி வருசமா கூடையத் தூக்கிகினு அலைஞ்சியேமே" என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாளே தன் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் நாத்தனார் அஞ்சலை அக்கா வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிளம்பு என்றார். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

வெளிநோயாளிகள் கூடத்தில் நீள பெஞ்சு. வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு நடுவே என்னைப்போல உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தவர்களை அப்போதுதான் கவனித்தேன். உப்பளத்துப் பெண்கள், செங்கல் சுமக்கிறவர்கள், என்னைப்போலக் கூடைக்காரிகள். யாரும் யாரிடமும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் டாக்டரம்மா என்னைக் குந்தவைத்து முக்கச் சொல்லிப் பார்த்தார். கூட டாக்டருக்குப் படிக்கிற ஐந்தாறு பெண்களும் பார்த்தார்கள். நான் மேலே ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு ரப்பர் வளையத்தை உள்ளே வைத்துக் கருப்பையைத் தாங்கவிட்டார்கள். பாரம் குறைந்தது. ஆனால் கெட்ட நீர் அதிகமானது. வளையம் இருக்கும்போது கணவனோடு சேரவும் முடியாது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. வளையம் அழுத்திய இடத்தில் புண் பெரிதானதும், ஆபரேஷன்தான் வழி, முதலில் வார்டில் சேர்ந்து புண்ணை ஆற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. பிள்ளைகளை அஞ்சலை அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வார்டில் எனக்குக் கொடுத்த வைத்தியம் படுத்திருப்பதுதான். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தினமும் காலையில் நர்ஸ் வந்து, இறங்கியதை உள்ளே தள்ளி, மஞ்சள் மருந்தில் நனைத்த நீளத் துணித்திரியை வைத்து அடைப்பார். அந்த மஞ்சள் புடவை, விரிப்பு, விரல் எல்லாவற்றிலும் ஏறியது. தலை தாழ்ந்து கால் உயர்ந்து கிடக்கும்போது அடுத்த கட்டில்காரியின் முகம்தான் எனக்கு நேராகத் தெரியும். அப்படித்தான் கன்னியம்மா அக்காவைப் பார்த்தேன்.

எண்ணூர் உப்பளத்தில் வேலை செய்கிறவர். ஐம்பது வயதிருக்கும். தீட்டு நின்று சில வருஷம் ஆகியிருந்தது. புருஷன் இறந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை, தம்பி வீட்டில் இருந்தார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்து வெளுத்திருக்கும். எனக்கு வந்ததுதான் அவருக்கும், இன்னும் முற்றியது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும். இருதயத்தைக் குழாய் வைத்துக் கேட்ட படிக்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒருநாள் மத்தியானம் வார்டு முழுக்கத் தூங்கும்போது அவர் என் பக்கம் திரும்பிப் படுத்துச் சொன்னார். எண்ணூர்க் கழிமுகத்தில் அக்கரைக்குப் படகு தள்ளுகிற கோவிந்தன் என்று ஒருவர். பெண்டாட்டி இல்லாதவர். நாலைந்து வருஷமாக உப்பளம் விட்டு வரும்போது படகில் ஒரு பேச்சு, இரண்டு பேச்சு. தம்பிக்குத் தெரியாது. உடம்பு சரியானதும் அக்கரையில் ஒரு குடிசை போட்டுச் சேர்ந்திருப்பதாகப் பேச்சு.

"இந்த வயசுல இதெல்லாம் இன்னாத்துக்குன்னு நெனப்ப" என்றார்.

நான் அப்படி நினைக்கவில்லை என்றேன். அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். நானும் என் வீட்டுக்காரர் குழாயடியில் தேய்த்துக் குளித்ததைச் சொன்னேன். அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு முன்னால் அவரை ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போனார்கள். சீக்கிரமே கொண்டுவந்துவிட்டார்கள். மயக்க மருந்துகூடக் கொடுக்கவில்லை, அந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டதோடு சரி என்றார்கள். அன்று சாயந்தரமே கஞ்சி குடித்தார். கொடுத்துவைத்தவள் என்றார்கள் வார்டில் எல்லோரும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

சில நாள் கழித்து, கட்டு மாற்ற வந்த நர்சிடம் கன்னியம்மா அக்கா மெதுவாக எதையோ கேட்டார். நர்ஸ் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார். பிறகு போய் டாக்டரம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான். எனக்கு எல்லாம் கேட்டது.

டாக்டரம்மா கடுமையாகச் சொல்லவில்லை. உன் இருதயம் பலவீனம், பெரிய ஆபரேஷனைத் தாங்காது என்றார். அதனால் இறங்கியதை உள்ளே தள்ளி, வழியின் முன்சுவரையும் பின்சுவரையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து மூடிவிட்டோம். இனி இறங்காது, வலி இருக்காது, உப்பளத்துக்கும் போகலாம், ஆனால் ஆண் துணையோடு சேர முடியாது என்றார். தம்பியிடம் விவரமாகச் சொன்னதாகவும், விதவைதானே, பரவாயில்லை என்று அவர் சம்மதம் கொடுத்ததாகவும் சொன்னார்.

கன்னியம்மா அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பிய கேட்டீங்க. நான் இங்கதான படுத்துகினு இருந்தேன்."

 திரும்பப் பிரிக்க முடியுமா என்று அக்கா கேட்டார். பிரித்தால் மறுபடி இறங்கிவிடும், இருதயம் இருக்கிற நிலையில் உயிருக்கே ஆபத்து என்றார். உனக்கு நல்லது என்றுதான் செய்தோம் என்றும் சொன்னார். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா காலையிலிருந்து இரவு வரை ஓடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அவர் போனபின், கன்னியம்மா அக்கா தன் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. செத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படி உட்காருவார்கள்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு நடுக்கம் வந்துவிட்டது. என் கட்டிலின் கீழே யாரோ ஊசியும் நூலுமாகக் காத்திருப்பதுபோல. என் வீட்டுக்காரர் பார்க்க வந்தபோது அவரிடம் ஏதாவது கேட்டார்களா, கையெழுத்து வாங்கினார்களா என்று விசாரித்தேன். கேட்டார்கள், போட்டேன் என்றார். என்ன சொன்னார்கள் என்றால் அவருக்குத் தெரியவில்லை. ரத்தம் தேவைப்படும் என்றார்களாம். தானும் தன் கூட்டாளிகள் இரண்டு பேரும் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கையைக் காட்டினார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. கூட்டாளிகள் பயந்து கண்ணை மூடிக்கொண்டதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் டாக்டரம்மா படிக்கிற பெண்களோடு சுற்றி வந்தார். என் புண் ஆறிவிட்டது, நாளை மறுநாள் ஆபரேஷன் என்றார். நகரப் போனவரை நான் கூப்பிட்டு நிறுத்தினேன். 

"எனுக்கு இன்னா பண்ணப்போறீங்க?"

கருப்பையை எடுத்துவிட்டு, தளர்ந்த சுவர்களை இழுத்துத் தைப்போம் என்றார்.

"அப்பால நான் என் வூட்டுக்காரரோட இருக்க முடியுமா?"

படிக்கிற பெண்களில் ஒருத்தி குனிந்துகொண்டாள். டாக்டரம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். "உன் புருஷன் கேக்கச் சொன்னானா?"

"இல்ல. நான்தான் கேக்கறேன். எனுக்கு வோணும்."

இந்த வார்த்தையை என் வாழ்நாளில் அதற்கு முன் நான் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா படிக்கிற பெண்களை அடுத்த வார்டுக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். வழியை மூடப்போவதில்லை என்று முதலில் சொன்னார். பிறகு, எல்லோரும் மறுபடி இறங்கிவிடக்கூடாதே என்று கொஞ்சம் இறுக்கியே தைப்பது வழக்கம், அப்படித் தைத்தால் பின்னால் சேரும்போது சிலருக்கு வலிக்கும், சிலருக்கு முடியாமலே போகும் என்றார். உனக்கு இறுக்காமல் விட்டுத் தைக்கிறேன், ஆனால் பாரம் தூக்கினால் மறுபடி இறங்கும், கூடையை மறந்துவிட வேண்டும், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். அவர் எழுந்து போகும்போது அடுத்த கட்டிலை ஒரு நிமிஷம் பார்த்தார். கன்னியம்மா அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ஆபரேஷன் அன்று முதுகெலும்பில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு என்னுடையதில்லாமல் போயிற்று. முழித்துக்கொண்டுதான் இருந்தேன். இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. கத்தரி வைக்கும் சத்தம் கேட்டது. விட்டுத் தைக்கிறேன் என்றாரே, மறந்துவிட்டால் என்ன செய்வது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், நாக்கு எழவில்லை.

வார்டுக்கு வந்ததும் குளிரில் பல் அடித்துக்கொண்டது. சிறுநீருக்கு ரப்பர் குழாய், உள்ளே ரத்தம் நிற்க அடைத்த துணி. மறுநாள் அந்தத் துணியை உருவியபோது என் உயிரே கூட வருகிறதென்று நினைத்தேன். தையல் நூல் தானே கரைந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை என்றார்கள். குழாயை எடுத்தபின் சிறுநீர் வராமல் துடித்தேன். அப்போதெல்லாம் தண்ணீரில் பஞ்சை நனைத்து என் உதட்டைத் துடைத்தது கன்னியம்மா அக்கா. அவர் நடமாட ஆரம்பித்திருந்தார். என் சிக்குப் பிடித்த தலையை வாரிப் பின்னினார். தன் ஆபரேஷனைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

அவரை அழைத்துப்போக ஒருநாள் தம்பி வந்தார். நல்ல மனுஷன். அக்காவுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்; அதில் ஒன்றை எனக்கும் கொடுத்தார். கன்னியம்மா அக்கா மூட்டையைக் கட்டிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"நீ போயி உன் வூட்டுக்காரரோட நல்லா இரு. என்னிய நெனச்சுகினு குந்திகினு இருக்காத."

அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் மூன்று மாதம் கணவனோடு சேரக்கூடாது, குந்தி உட்காரக்கூடாது, குடம்கூடத் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அஞ்சலை அக்கா தண்ணீர் பிடித்து வைப்பார், மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போவார். என் வீட்டுக்காரர் துணி துவைத்தார். தெருவில் ஆண்கள் கேலி செய்தபோது, என் பொண்டாட்டி துணியை நான் துவைக்காமல் நீயா துவைப்பாய் என்று கேட்டுவிட்டு வந்ததாக அக்கா சொன்னார். நான் கூடையை விற்றுவிட்டேன். கரையில் உட்கார்ந்து கருவாடு தரம் பிரிக்கும் வேலைக்குச் சொல்லிவைத்தேன்.

மூன்று மாதம் முடிந்து, பிள்ளைகள் அஞ்சலை அக்கா வீட்டில் இருந்த ஒருநாள் அவர் என் பக்கத்தில் படுத்தார். அவர் கை பட்டதும் எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். ஆனால் சேர முயன்றபோது என் உடம்பு கதவைச் சாத்திக்கொண்டது. வலி குத்தியது. கண்ணை மூடினால் கன்னியம்மா அக்கா வயிற்றின்மேல் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். என்னையும் மூடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். துணியில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. அதைப் பார்த்த அவர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பிடித்தார். தையலைக் கிழித்துவிட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

மறுபடி ஆஸ்பத்திரி பெஞ்சு. டாக்டரம்மா பார்த்துவிட்டு, தையல் போட்ட இடத்தில் சதை கொஞ்சம் துளிர்த்திருக்கிறது, தொட்டால் ரத்தம் வரும், வேறொன்றுமில்லை என்று மருந்துக்குச்சியால் அதைச் சுட்டார். இரண்டு விரல் வைத்துப் பார்த்து, வழி சரியாக இருக்கிறது, நான் சொன்னபடிதான் தைத்திருக்கிறேன் என்றார். அவசரப்படாதீர்கள், தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், வலித்தால் நிறுத்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் என்றார். அப்புறமும் நான் எழுந்திருக்கவில்லை. வேறென்ன என்றார். பக்கத்துக் கட்டில் அக்கா கண்ணுக்குள் வருகிறார் என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவிய கையையே மறுபடி கழுவினார். கடைசியில், இப்போதெல்லாம் நான் அந்தப் பெண்களையே கேட்டுவிடுகிறேன் என்றார். 

சதை ஆறிற்று. நாங்கள் அவசரப்படவில்லை. சில நாள் சும்மா பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தோம். வலி குறைந்து, ஒருநாள் வலியே இல்லாமலும் ஆயிற்று. பிள்ளை பெற்ற பெண் இதை எழுதுவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு என் உடம்பு திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும், முடிந்தபின், யாருடைய பங்கையோ எடுத்துச் சாப்பிட்டதுபோல ஒரு குளிர் நெஞ்சில் வந்து உட்காரும். அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வா, நானும் வருகிறேன் என்றார்.

எண்ணூரில் ரயில் இறங்கி உப்பளத்துக் குடிசைகளில் விசாரித்தோம். தம்பி வீட்டில் அவர் இல்லை. அக்கரையில் தனியாகக் குடிசை போட்டுக்கொண்டு கருவாடு காயவைத்து விற்கிறார் என்றார்கள். கழிமுகத்தில் படகு நின்றது. என் வீட்டுக்காரர், பெண்கள் பேசுகிற இடத்தில் தான் எதற்கு என்று டீக்கடையில் தங்கிவிட்டார். நான் மட்டும் ஏறினேன்.

படகுக்காரர் நரைத்த தலை, ஒடிசலான தேகம். கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். கழி ஒருகணம் தண்ணீரிலேயே நின்றது. இவர்தான் கோவிந்தன் என்று அப்போது தெரிந்தது.

"நீ ஆஸ்பத்திரில கூட இருந்தியாம்மா?"

ஆமாம் என்றேன். பிறகு அவராகவே பேசினார். ஆஸ்பத்திரி போய் வந்ததிலிருந்து கன்னியம்மா தன்னை வீட்டுப் பக்கம் சேர்ப்பதில்லையாம். உன்னைப் பிடிக்கவில்லை, இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டதாம். தான் செய்த தப்பு என்னவென்று தெரியவில்லையாம். அங்கே என்ன செய்தார்கள் என்று என்னைக் கேட்டார். அது நான் சொல்ல வேண்டியதில்லை என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

கன்னியம்மா அக்கா மணலில் பாய் விரித்துச் சென்னாங்குனிப் பொடி இறாலைக் காயவைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று தெரிந்து, நன்றாக இருக்கிறேன் என்றேன். சந்தோஷம் என்றார். அந்த முகத்தில் பொய் இல்லை. மோர் கரைத்துக் கொடுத்தார். இருவரும் குடிசை நிழலில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் படகும் கோவிந்தன் கழியை நாட்டிக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. குடிசையை அக்கா அந்த இடத்தில் எதற்குப் போட்டார் என்று கேட்கத் தேவையில்லை.

கோவிந்தனிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

அக்கா காய்ந்த சென்னாங்குனியைக் கையில் அள்ளித் தூசியை ஊதினார். "சொன்னா, பரவால்லன்னு சொல்ட்டு இருந்துடுவாரு. நல்ல மனுசன். தெனமும் பரவால்லன்ற மூஞ்சிய நான் பாத்துகினு இருக்கணும்."

சேர முடியாவிட்டால் என்ன, ஒரு துணை இருக்கட்டுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் துணி துவைத்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படவில்லை.

"எனுக்கு அது மட்டும்னு இல்ல, தனம். ஆனா அதுவும் வோணும்னுதான இருந்தேன்" என்றார்.

 வெயில் சாயத் தொடங்கியது. சென்னாங்குனியை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது பாயைச் சுருட்டுவதுபோலக் குனிந்துகொண்டு, படகுப் பக்கம் பார்க்காமல் கேட்டார். "அந்தாளு நல்லா கீறாரா? இருமல் கீதா இன்னும்?"

படகில் ஏறினேன். பாதிக் கழிமுகம் வரை கோவிந்தன் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தார். எனக்குப் பின்னால் பார்க்கப் பயமாக இருந்தது; பார்த்தால் அக்கா அதே இடத்தில், அதே மாதிரி வயிற்றின்மேல் கைவைத்துக்கொண்டு நிற்பார் என்று தோன்றியது. காற்று ஏறியது. கோவிந்தன் ஒருமுறை இருமினார். பிறகு, கழியைத் தூக்கும்போது, எனக்கில்லாமல் தண்ணீருக்குச் சொல்வதுபோலக் கேட்டார்.

"எதுனா சொல்லிச்சா?"

சொல்லக்கூடாததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லலாம் என்று இருந்ததைச் சொன்னேன்.

"உங்க இருமல் எப்டி கீதுன்னு கேட்டாங்க."

அவர் தள்ளுவதை நிறுத்திவிட்டார். கழி கையிலிருக்க, படகை அதன் போக்கில் விட்டுவிட்டு அக்கரையைத் திரும்பிப் பார்த்தபடி நின்றார். நீரோட்டம் எங்களைக் கடல் பக்கமாக மெல்ல இழுத்தது. இந்தக் கரையில் டீக்கடையிலிருந்து எழுந்துவந்த என் வீட்டுக்காரர், படகு ஏன் திசை மாறுகிறது என்று தெரியாமல், கையை வீசி வீசி எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.